ஆபிரிக்காவின் புளித்த உணவும் நீரிழிவின் தலைவாயிலும்

உணவே மருந்து என்னும் மொழி நம்மவர் நாவில் நெடுங்காலமாகப் பயின்று வருவது. நாவிற் பயின்ற மொழிகளை நாம் ஆராய்வதில்லை. ஒப்புக்கொண்டு அப்பாற் செல்கின்றோம். எந்த உணவு, எந்த நோய்க்கு, எவ்வளவு, எவ்வாறு சமைத்தது என்று வினவும்போதுதான் அம்மொழியின் உண்மையும் எல்லையும் ஒருங்கே புலனாகும். ஆபிரிக்கக் கண்டத்தின் பழைமையான புளித்த உணவுகள் நீரிழிவு வாராமற் காக்கும் என்னும் கருத்து இக்காலத்தில் ஆராய்ச்சியாளரிடத்தும் பொதுமக்களிடத்தும் பரவி வருகின்றது. அக்கருத்தில் நிலைபெற்றது எவ்வளவு, விருப்பத்தால் எழுந்தது எவ்வளவு என்று பகுத்துப் பார்த்து, யாம் கொண்ட முடிபை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீரிழிவு ஒரே நாளில் வந்து சேரும் நோயன்று. அதற்கு முன்னே பல ஆண்டுகள் நீடிக்கும் ஓர் இடைநிலை உண்டு. இரவெல்லாம் உண்ணாதிருந்து காலையில் இரத்தத்தைச் சோதிக்குங்கால், ஒரு டெசிலிட்டர் அளவில் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் குறைந்திருப்பின் நலம். 126ஐ எட்டிவிடின் நீரிழிவு. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது நீரிழிவின் முன்நிலை என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தார் வகுத்திருக்கின்றனர். உலக சுகாதார ஸ்தாபனத்தார் அம்முன்நிலை 110இல் தொடங்குவதாகக் கொள்வர். இந்நிலையிலுள்ளார்க்கு நோவில்லை, தளர்ச்சியில்லை, பிறர் காணும் அடையாளமும் பெரும்பாலும் இல்லை. கணையம் சுரக்கும் இன்சுலினுக்குத் தசைகளும் கல்லீரலும் முன்போல் செவிசாய்ப்பதில்லை, அதனை ஈடுசெய்யக் கணையம் மிகுதியாக உழைக்கின்றது, உழைத்து இளைக்கின்றது. இளைத்து முடிவதற்கு முன்னே வாழ்க்கை முறையைத் திருத்திக்கொள்பவர் பலர் மீள்கின்றனர். ஆகவே, முன்நிலை என்பது இரண்டு வழிகள் பிரியும் ஒரு கவடு. அவ்விடத்தில் நிற்பவனுக்கு நாள்தோறும் மும்முறை எதிர்ப்படும் பொருள் உணவேயாகும்.

ஆபிரிக்காவில் இக்கவட்டில் நிற்போர் தொகை பெருகி வருகின்றது. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தார் 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, பெரும்பாலும் சகாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளைக் கொண்ட அவர்தம் ஆபிரிக்கப் பகுதியில் நீரிழிவுற்ற வயதுவந்தோர் 2024இல் ஏறத்தாழ இரண்டரைக் கோடி. 2050இல் அத்தொகை ஏறத்தாழ 6 கோடியாகும் என்று மதிக்கப்படுகின்றது. நோயுற்றவருள் பாதிக்கு மேற்பட்டோர் தமக்கு நோயுண்டு என்பதையே அறியாதவர். நோய் வந்த பின் மருத்துவம் செய்வது அந்நாடுகளின் பொருள்நிலைக்கு எளிதன்று. ஆதலின் வருமுன் காக்கும் வழி, அதிலும் ஏழையின் கைக்கு எட்டும் வழி, எதுவாயினும் ஊன்றி ஆராயத் தக்கதே.

இனி, அவ்வுணவுகள் யாவை என்று பார்ப்போம். எத்தியோப்பியாவிலும் எரித்திரியாவிலும் ‘தெஃப்’ என்னும் மிகச் சிறு தானியத்தின் மாவைக் கரைத்து, முந்திய கரைசலிலிருந்து எடுத்து வைத்த புளித்த நீரைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, அகன்ற கல்லில் ஊற்றி ‘இஞ்செரா’ என்னும் மெல்லிய அப்பம் சுடுவர். சூடானியர் சோளமாவைப் புளிக்கவைத்துக் காகிதம் போன்று ‘கிஸ்ரா’ இடுவர். நைஜீரியர் மக்காச்சோளத்தையோ சோளத்தையோ கம்பையோ ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, தெளியவிட்டுப் புளித்த வண்டலைக் கொண்டு ‘ஓகி’ என்னும் கஞ்சி காய்ச்சுவர். கானா நாட்டார் புளித்த மக்காச்சோள மாவில் ஒரு பாகத்தை வேகவைத்து, வேகாத பாகத்தோடு பிசைந்து, கதிரின் தோட்டிலோ வாழையினத்தின் இலையிலோ பொதிந்து அவித்துக் ‘கெங்கி’ செய்வர். தென்னாபிரிக்காவிலும் ஜிம்பாப்வேயிலும் காய்ச்சிய கூழை ஆறவைத்துப் புளிக்கச் செய்து ‘மகேவு’ என்று பருகுவர். தென்னாபிரிக்கரின் ‘அமாசி’, புலானி இடையரின் ‘நோனோ’, கென்யாவில் கலென்ஜின் மக்கள் சுரைக்குடுக்கையில் ஊற்றி வைக்கும் ‘முர்சிக்’ ஆகியவை புளித்த பால் வகைகள். மேற்கு ஆபிரிக்கப் பெண்டிர் ஒருவகை மரத்தின் விதைகளை வேகவைத்துப் புளிக்கவைத்துத் ‘தவாதவா’ என்னும் மணமிக்க குழம்புச் சரக்கை ஆக்குவர். சூடான் நாட்டு அறிஞர் ஹமீத் திரார் என்பார் தம் நாட்டுப் புளித்த உணவுகளைப் பற்றி மட்டும் 1993இல் ஒரு பெருநூல் எழுதினார் எனின், இக்கலையின் பரப்பை ஊகித்துக் கொள்ளலாம்.

இவை நமக்கு முற்றும் அயலானவை என்று கருதுதல் பொருந்தாது. நம் ஊர்களில் கூழாகவும் களியாகவும் விளங்கும் கம்பும் கேழ்வரகும் சோளமும் ஆபிரிக்க மண்ணில் முதன்முதல் பயிராக்கப்பட்டு, பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னே கடல் கடந்து இந்தியாவை அடைந்தவை என்பது தாவர நூலார் துணிபு. கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் நம் தாய்மாரும், உகாண்டாவிலும் தான்சானியாவிலும் அதே தானியத்தைப் புளிக்கவைக்கும் தாய்மாரும் ஒரே பள்ளியின் மாணவியர் போல்வர். ஆபிரிக்கக் கூழைப் பற்றிய வழக்கில் நமக்கும் பங்குண்டு.

நிற்க. புளித்தல் இரத்தச் சர்க்கரைக்கு எவ்வாறு உதவக்கூடும்? இதற்கு மூன்று காரணங்கள் காட்டப்படுகின்றன. முதலாவது, அமிலம். புளிக்கும் மாவில் லாக்டிக் அமிலமும் சிறிது அசிட்டிக் அமிலமும் உண்டாகின்றன. சுவீடன் தேசத்து லுண்டு பல்கலைக்கழகத்தார் 1990க்குப் பின்வந்த ஆண்டுகளில் செய்த சோதனைகளில், லாக்டிக் அமிலம் கலந்த ரொட்டியை உண்டவர்க்கு உணவின் பின் சர்க்கரை ஏறுவது குறைந்திருக்கக் கண்டனர். புளிக்காடியோடு உண்ட மாவுணவு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குவதையும் 1998இல் எடுத்துக்காட்டினர். இரண்டாவது, மாவின் தன்மை மாறுதல். வெந்து ஆறிய மாவுப்பொருளில் ஒரு பகுதி சிறுகுடலிற் செரியாத உருவத்தை அடைகின்றது. அது பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிக் குடலுக்கு நலந்தரும் சிறு கொழுப்பமிலங்களைத் தோற்றுவிக்கின்றது. மூன்றாவது, உயிருள்ள நுண்ணுயிர்களும் அவை படைக்கும் பொருள்களும் உடலின் அழற்சியைத் தணித்து, இன்சுலினுக்குத் தசைகள் செவிசாய்க்கத் துணை செய்யக்கூடும் என்பது.

மூன்றும் கேட்டற்கு இனியனவே. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. புளித்தல் மாவைத் தின்று தீர்த்துவிடுவதில்லை. நுண்ணுயிர்கள் உண்பது சிறு பங்கே. எஞ்சிய மாவில் பெரும்பகுதி நம் வயிற்றில் சர்க்கரையாகவே மாறும். நாவுக்குப் புளிப்பது இரத்தத்திற்கு இனிக்காது என்று எண்ணுவது பெரும் பிழை. இனி, உயிருள்ள நுண்ணுயிர்களைப் பற்றிய கூற்றைப் பாருங்கள். புளிக்கவைத்த பின் சமைப்பது ஒரு முறை. சமைத்த பின் புளிக்கவைப்பது மற்றொரு முறை. இஞ்செராவும் ஓகியும் கெங்கியும் முதல் முறையின; நெருப்பின் முன் அந்நுண்ணுயிர்கள் பிழைப்பதில்லை. மகேவும் புளித்த பால்களும் இரண்டாம் முறையின. இவற்றிலேயே உயிருள்ளவை குடலைச் சென்றடைகின்றன. இவ்வேறுபாட்டைக் கருதாது எல்லாவற்றையும் ‘புளித்த உணவு’ என்னும் ஒரே பையில் இட்டுக் கட்டிப் பேசுவோர் தெளிவைத் தருவதில்லை.

செய்முறையின் வலிமைக்குக் கானா நாடே சான்று. அந்நாட்டு உணவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், கா இனத்தாரின் கெங்கி சர்க்கரையை மெதுவாக ஏற்றும் வகுப்பிலும், ‘பாங்கு’ என்னும் களி விரைவாக ஏற்றும் வகுப்பிலும் வைக்கப்பட்டன. இரண்டுக்கும் அடிப்படை புளித்த மக்காச்சோள மாவே. ஒன்று இலையிற் பொதிந்து நெடுநேரம் அவித்து, இறுகி ஆறிய பின் உண்பது. மற்றொன்று பானையிற் கிளறிச் சூட்டோடு உண்பது, அதில் மரவள்ளி மாவும் பெரும்பாலும் கலப்பது. புளிப்பு ஒன்றாயினும் பயன் ஒன்றன்று. ஓகியிலோ, அரைத்த மாவை வடிகட்டுங்கால் தவிடும் நாரும் துணியில் தங்கிவிட, நயமான மாவு மட்டுமே கஞ்சியில் இறங்குகின்றது. நோயாளிக்கும் குழந்தைக்கும் எளிதிற் செரிக்கும் என்று போற்றப்படும் அந்த நயமே, சர்க்கரை ஏறும் நிலையிலுள்ளார்க்குக் குறையாகின்றது. இஞ்செராவைப் பற்றிய சோதனைகளும் ஒன்றோடொன்று முரணுகின்றன. ஆகவே, ‘புளித்த உணவு சர்க்கரையைக் குறைக்கும்’ என்னும் வாக்கியம் மெய்யுமன்று, பொய்யுமன்று. முற்றுப்பெறாத வாக்கியம் என்பதே எம் கருத்து.

மனிதரை வைத்துச் செய்த சோதனைகள் என்ன கூறுகின்றன? தான்சானியாவின் கிளிமஞ்சாரோப் பகுதியில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2025இல் வெளியாயிற்று. நலமுள்ள ஆடவர் 77 பேர் அதில் கலந்துகொண்டனர். பழைய உணவில் இருந்தவர் சிலர் இரண்டு வாரம் மேல்நாட்டு முறை உணவுக்கும், மேல்நாட்டு முறையில் இருந்தவர் சிலர் பழைய உணவுக்கும் மாறினர். வேறு சிலர் வாழைப்பழத்தாலும் கேழ்வரகாலும் ஆன ‘ம்பெகே’ என்னும் புளித்த பானத்தை ஒரு வாரம் பருகினர். மேல்நாட்டு உணவுக்கு மாறியவர் இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் மிகுந்தன. பழைய உணவுக்கு மாறியவரிடத்தும் புளித்த பானம் பருகியவரிடத்தும் குறைந்தன. அம்மாறுதல்களுட் சில நான்கு வாரம் கழித்தும் காணப்பட்டன. இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. எனினும், அவர்கள் நலமுள்ள ஆடவர், சர்க்கரை ஏறிய நிலையிலுள்ளார் அல்லர், பெண்டிர் இல்லை, காலமும் குறுகியது. அன்றியும் ம்பெகே மயக்கம் தரும் பொருள் கலந்த பானம். அதனை நீரிழிவைத் தடுக்கும் மருந்தென்று பறைசாற்றுதல் அவ்வாராய்ச்சியாளர் கூறாததைக் கூறுவதாகும்.

கொரியா நாட்டார் தம் ‘கிம்ச்சி’ என்னும் புளித்த காய்கறியை, நீரிழிவின் முன்நிலையிலுள்ள 21 பேருக்கே அளித்துச் சோதித்து 2013இல் பயனை வெளியிட்டனர்; புளித்த கிம்ச்சி உண்டபோது இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது சற்றுத் திருந்தியது. ஐக்கிய அமெரிக்க நாட்டின் உணவு மருந்து அதிகாரிகள் 2024 மார்ச்சில், தயிர் உண்பதால் நீரிழிவு வரும் அபாயம் குறையக்கூடும் என்று, சான்று அற்பமே என்னும் எச்சரிக்கையோடு, விற்போர் குறித்துக்கொள்ள இசைந்தனர். தயிருக்கும் கிம்ச்சிக்கும் கிடைத்த இந்தக் கவனம் அமாசிக்கும் மகேவுக்கும் கெங்கிக்கும் இதே அளவில் கிடைக்கவில்லை. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் உண்ணும் உணவு சோதனைச்சாலையின் வாயிலில் காத்துக் கிடக்கின்றது. குறை உணவினிடத்தன்று, சோதனைக்குப் பொருள் ஒதுக்குவோரிடத்தே என்பது எம் துணிபு.

‘ஆராய்ச்சி எதற்கு? முன்னோர் உண்டு நலமாக வாழ்ந்தனரே’ என்பார் சிலர். முன்னோர் கூழோடு உண்டது வேறு பலவும் உண்டு; அவர் நடந்த தூரமும் ஏர் பிடித்த நேரமும் உண்டு. கூழை மட்டும் வைத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டால், முன்னோர் நலம் பின்னோர்க்கு எங்ஙனம் வரும்? மேலும், முன்னோர் உண்டதே இன்றும் உண்ணப்படுகின்றது என்பதும் உண்மையன்று. மக்காச்சோளமும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கி.பி. 1500க்குப் பின்னரே ஆபிரிக்காவை அடைந்தவை. பழைய கம்பும் சோளமும் இருந்த இடத்தில் அவை அமர்ந்தன. இன்றோ, மகேவு ஆலைகளில் ஆக்கப்பட்டு, சர்க்கரை சேர்த்து, அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கப்படுகின்றது. ஓகிக் கஞ்சியில் சர்க்கரையை அள்ளிப் போடுவது நகரங்களில் வழக்கமாயிற்று. பாட்டியின் பெயரைச் சூடிக்கொண்டு கடையில் நிற்பதெல்லாம் பாட்டியின் கூழாகுமா?

‘அசுத்தமான பழைய பழக்கம், அதை ஒழிப்பதே நாகரிகம்’ என்பார் வேறு சிலர். இவர் கூற்றிலும் ஒரு துளி உண்மை உண்டு. பூசணம் பிடித்த மக்காச்சோளத்தின் நஞ்சைப் புளிப்பு முற்றும் போக்குவதில்லை. கென்யாவில் 2004இல் அந்நஞ்சால் 317 பேர் நோயுற்று 125 பேர் மாண்டனர். கைப்பு மரவள்ளியைச் செவ்வனே ஊறவைத்துப் புளிக்க விடாத இடங்களில் கால்களை முடக்கும் நோய் இன்றும் தோன்றுகின்றது. ஆனால் இவற்றிற்குப் பரிகாரம் நல்ல தானியமும் செவ்விய முறையுமேயன்றி, அயல்நாட்டுக் கோதைமாவு ரொட்டியும் இனிப்புப் பானமும் அல்ல. தென்னாபிரிக்க அரசினர் 2018 ஏப்பிரலில் இனிப்புப் பானங்களின் மீது தனி வரி விதிக்க நேர்ந்தது ஏன்? ‘நாகரிகம்’ என்று வந்த பானம் நோயை உடன்கொண்டு வந்தது என்பதை அவ்வரசு உணர்ந்ததனாலன்றோ!

இவ்விரு சாராரும் தம்முள் மாறுபட்டாராயினும் ஒரு வகையில் ஒத்தவரே. இருவரும் அளந்து பார்க்க மறுக்கின்றனர். இவர்களுக்கிடையே அகப்பட்டுக்கொள்பவர் யார் எனில், கும்மாசியிலோ இபாடானிலோ மருத்துவரிடமிருந்து ‘முன்நிலை’ என்னும் சொல்லைக் கேட்டுத் திரும்பும் ஏழைத் தொழிலாளியே. ஒருவர் சொற்கேட்டு, புளித்தது எவ்வளவு உண்டாலும் நன்று என்று மூன்று கிண்ணம் சர்க்கரையிட்ட கஞ்சி குடித்தால், கவட்டின் தீய வழியில் விரைவான். மற்றவர் சொற்கேட்டு, மலிவான முழுத்தானியக் கூழையும் அவரைக் குழம்பையும் விட்டு வெள்ளை ரொட்டியை வாங்கினால், அவ்வழியிலேயே காசையும் இழந்து செல்வான். இது சொற்போர் அன்று. ஒருவனுடைய கண்ணும் காலும் சிறுநீரகமும் இதிற் பணயமாக உள்ளன.

ஆதலின் இன்று நிலைபெற்ற உண்மையை முதலில் உரைத்தல் வேண்டும். அமெரிக்காவில் முன்நிலையிலிருந்த 3,234 பேரைக் கொண்டு செய்து 2002இல் வெளியிட்ட பெருஞ்சோதனையில், உடலின் எடையைச் சிறிது குறைத்து, வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி செய்தவரிடத்து நீரிழிவு நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மெட்பார்மின் என்னும் மருந்து அருந்தியவரிடத்து 31 பங்கே குறைந்தது. அதையொத்த முயற்சியை இந்தியாவில் 531 பேரிடம் செய்த சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட கணக்கிலோ, வாழ்க்கை முறைத் திருத்தத்தால் விளைந்த குறைவு நூற்றுக்கு 28.5 பங்கு. ஒரு நாட்டுக் கணக்கு மற்றொரு நாட்டுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை. நம் நாட்டுக்கு நம் கணக்கு வேண்டியிருந்தது போல, ஆபிரிக்காவுக்கும் அதன் கணக்கு வேண்டும்.

எம் கருத்தைத் தொகுத்துரைப்பின் இவ்வாறாகும். புளித்த உணவை மருந்தென்று விற்றலாகாது. இழிவென்று தள்ளலும் ஆகாது. தவிடு நீக்காத தானியம், சர்க்கரை சேராத கூழ், இனிப்பிடாத புளித்த பால், அவரையினமும் கீரையும் தவாதவாக் குழம்புமாகிய துணையுணவு, அளவறிந்த கிண்ணம் ஆகிய இவற்றோடு கூடியவிடத்துப் புளித்த உணவு நல்ல அடித்தளமாகும்; இவையின்றி அது வெறும் புளிப்பே. முன்நிலையிலுள்ள ஆபிரிக்க ஆடவர் பெண்டிரை வைத்து, வாரக் கணக்கிலன்றி ஆண்டுக் கணக்கில், இன்ன உணவு இன்ன செய்முறை என்று குறித்துச் சோதனைகள் நடத்தப்படல் வேண்டும். அச்சோதனைகளை வகுக்கும்போது, மாவின் புளிப்பை மணத்தாலேயே அறியும் சந்தைப் பெண்டிர் சோதனைப் பொருளாக அன்றி ஆசிரியராக அமர்த்தப்படல் வேண்டும். ஏனெனில், எந்த நாழிகையில் மாவைக் கிளற வேண்டும், எந்த இலையிற் பொதிய வேண்டும் என்பவற்றில்தான், மேலே கண்டவாறு, நலமும் தீங்கும் பிரிகின்றன. அவ்வறிவு ஏட்டில் இல்லை. அவர் கையில் இருக்கின்றது. கை ஓய்ந்தால் அறிவும் ஓயும்.

மாணவ நண்பர்களே! ரசாயனமும் உயிர்நூலும் கற்கும் உங்களுக்கு இதிலொரு பணி காத்திருக்கின்றது. ஆபிரிக்க நாடுகளில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் பணிபுரிந்த இந்தியர் பலர். இனிச் செல்வோரும் உளர். அங்குச் செல்பவர் அந்நாட்டுப் பானையை இகழாமலும், அதனைத் தெய்வமாக்காமலும், அளவுகோலோடும் பணிவோடும் அணுகுவாராக. இங்கேயே இருப்பவரும் வேலையற்றவர் அல்லர். நம் கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் அதே வினாவை நம்மை நோக்கி விடுக்கின்றன. விடை காண்பதற்கு வேண்டுவன ஒரு பானை, ஒரு துளி இரத்தம், ஒளிவுமறைவில்லாத ஒரு குறிப்பேடு, முடிவு எதுவாயினும் ஏற்றுக்கொள்ளும் நெஞ்சு ஆகிய இந்நான்குமே.